ஆறு ஞாயிறு, பன்னிரண்டு எலுமிச்சம்பழம்

நான் குழாய் வேலை கத்துக்கப் போனவ. இதைச் சொல்றதுல இன்னிக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா அங்க போறதுக்காக நான் சொன்ன பொய் இருக்கே, அதை நினைச்சா வீட்டுல ஆளே இல்லாத நேரத்துல கூட முந்தானைய இழுத்து முகத்தை மூடிக்கிறேன்.

எங்க வீடு திருவேற்காட்டுல. வீட்டுக்காரர், அத்தை, நான், நாத்தனார்னு நாலு பேர். நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. அப்போ அவளுக்கு முப்பத்தாறு வயசு, பூந்தமல்லியில ஒரு மருந்துக் கடையில பில் போட்டுக்கிட்டிருந்தா. கல்யாணம் ஆகல. வந்தவங்கெல்லாம் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்"னு எழுந்து போனவங்கதான். நாலஞ்சு வருஷமா வீட்டுல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கிறதில்ல. அவளும் எடுக்கிறதில்ல.

எல்லாத்துக்கும் ஆரம்பம் எங்க சமையல்கட்டு சிங்க். அடியில ஒழுகுச்சு. பிளம்பருக்கு ஃபோன் போட்டா, "தோ வந்துகினே கீறேன்கா"ன்னு நாலு நாள் வந்துகினே இருந்தான். அஞ்சாவது நாள் வந்து நின்னு, "சார் இல்லியா?"ன்னான். என்கிட்ட சொல்லுப்பான்னேன். "உங்களுக்குப் புரியாதுக்கா"ன்னுட்டு, என் வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்து ஃபோன் நோண்டிக்கிட்டிருந்தான். நான் பி.காம். படிச்சவ. ஒரு குழாய் புரியாதாமே எனக்கு! கடைசியில அவன் மாத்தினது ஒரு ரூபாக் காசு அகலத்துல ஒரு வாஷர்.

அந்த வாரமே பேப்பரோட ஒரு துண்டு நோட்டீஸ் வந்துது. அம்பத்தூர்ல ஒரு பயிற்சி மையம், எந்த வயசுக்காரங்களும் சேரலாம், ஆறு ஞாயித்துக்கிழமை, காலையில ஒன்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும். தையல் இருந்துச்சு, அழகுக்கலை இருந்துச்சு, குழாய்ப்பணி இருந்துச்சு. தையல்ல சேந்திருந்தா ஒரு பொய்யும் தேவைப்பட்டிருக்காது. நான் குழாய்ப்பணிக்குப் பேர் குடுத்துட்டு வந்தேன்.

வீட்டுல எப்படிச் சொல்றது? வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் ஒருத்தன் பிளம்பர் வேலைக்குப் போனப்போ, "கக்கூஸ் நோண்டுற பொழப்பு"ன்னு அத்தை சொன்னாங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னிக்குக் கூட நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சவ நான். அதே நான் குழாய் முடுக்குற ரிஞ்சு பிடிக்கப் போறேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

சனிக்கிழமை காலையில டிபன் வெச்சுக்கிட்டே, "நாளையிலேர்ந்து ஆறு வாரம் மாங்காட்டுக்குப் போகலாம்னு இருக்கேன் அத்தை"ன்னேன். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் விடாம, அதே கிழமையில, ரெண்டு எலுமிச்சம்பழத்தோட போய் வேண்டிக்கிறது எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம். ஒரு பழம் அம்மனுக்கு, ஒண்ணு பிரசாதமாத் திரும்பி வரும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு அரை நாள் ஆகும். கணக்கா ஆறு வாரம். பொய்க்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு.

அத்தை இட்லிய விட்டுட்டு நிமிந்து பாத்தாங்க. "நம்ம கருமாரி இங்கயே கீறா, அவளை உட்டுட்டு அம்மாந்தூரம் இன்னாத்துக்கு? இன்னா வேண்டுதல்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் யோசிச்சு வெக்கல. மாங்காட்டு அம்மன்னாலே எல்லாருக்கும் முதல்ல கல்யாணம்தான் ஞாபகம் வரும். நாத்தனார் வாசப்படியில உக்காந்து செருப்பு வாரை மாட்டிக்கிட்டிருந்தா, மடியில டிபன் பாக்ஸ். என் கண்ணு அவ மேல போச்சு. வாயில வந்துது.

"இவளுக்காகத்தான் அத்தை. இந்த வருஷமாவது ஒரு நல்லது நடக்கட்டும்."

செருப்பு மாட்டிக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுது. அவ திரும்பிப் பாக்கல. எழுந்து கிளம்பிட்டா. அத்தைக்குக் கண்ணு தளும்பிடுச்சு. "பெத்தவ எனக்கே தோணல பாரு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கையை அப்பவே உதறிட்டு உண்மையைச் சொல்லியிருக்கணும். எங்க சொன்னேன், பாவி.

மறுநாள் மஞ்சள் புடவை கட்டி, தலை நிறையப் பூ வெச்சு, மாங்காட்டுக்காகப் பூந்தமல்லிப் பக்கம் போற ஷேர் ஆட்டோக்குப் போறவ மாதிரி தெருமுனை வரைக்கும் நடந்து, அங்க அக்கம் பக்கம் பாத்துட்டு அம்பத்தூர் வேன்ல ஏறினேன். பையில ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு குங்குமப் பொட்டலம், பழைய சுடிதார் டாப் ஒண்ணு.

கிளாஸ்ல பன்னெண்டு பேர், அதுல நாங்க நாலு பொம்பளைங்க. சொல்லிக் குடுக்கிறவனுக்கு என்னைவிடப் பத்து வயசு கம்மி இருக்கும். முதல் நாளே, ஒழுகாம இருக்கக் குழாய் மரையில சுத்துற டெஃப்லான் டேப்பை நான் தலைகீழாச் சுத்தி வெச்சேன். "இன்னாக்கா நீங்க, எதிர்ப்பக்கம் சுத்திகினு கீறீங்க? மரை எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே சுத்துங்க. இல்லன்னா முடுக்கும்போது உருவிகினு வந்துரும்"னான். சுத்திப் பாத்தேன். கையில ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்துச்சு. ஆக்ஸா பிளேடால பைப்பை நேராக் கோணாம அறுக்கிறது, சொல்யூஷன் தடவி ஒட்டி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கிறது, எல்லாமே எனக்கு அவ்வளவு பிடிச்சுது. அத்தனை சந்தோஷமா நான் எந்த வேலையும் செஞ்சதில்ல. ஆனா குரூப் போட்டோன்னு கூப்பிட்டா மட்டும் உயரமா இருக்கிற அம்மா ஒருத்தங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன்.

ரெண்டு பழத்துல ஒண்ணை அறுத்து விரல்ல ஒட்டின சொல்யூஷனைத் தேச்சுக் கழுவுவேன். இன்னொண்ணுல நானே குங்குமம் வெச்சு, வீட்டுக்கு வந்து நாத்தனார் கையில குடுப்பேன். அவ ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்குவா. ரெண்டாவது வாரம் மோந்து பாத்துட்டு, "ஏதோ மருந்து வாசனை வருது அண்ணி"ன்னா. "கோயில்ல கற்பூரம்டி"ன்னேன். "ஓ"ன்னு மறுபடியும் ஒத்திக்கிட்டா.

மூணாவது வாரத்துலேர்ந்து அவகிட்ட ஒரு மாத்தம். புருவம் திருத்திக்கிட்டா. கத்திரிப்பூ கலர்ல ஒரு சுடிதார் தைக்கக் குடுத்தா. ஞாயித்துக்கிழமை அவளுக்கும் அரை நாள் வேலை உண்டு. இருந்தாலும் விடிகாலையில எழுந்து எனக்குத் தயிர் சாதம் கட்டி வெப்பா. "க்யூல நின்னு மயக்கம் போட்டுறாதீங்க. உங்களுக்கு வெயில் ஒத்துக்காது, ஒத்தைத் தலைவலி வந்துரும்." அந்தத் தயிர் சாதத்தை நான் அம்பத்தூர்ல பைப்புத் துண்டுங்களுக்கு நடுவுல உக்காந்து வழிச்சுச் சாப்பிட்டேன். மாதுளை முத்தெல்லாம் போட்டிருப்பா. நல்லாத்தான் இருந்துச்சு. தொண்டையில அடைக்கல, அதைத்தான் சொல்ல வரேன்.

ஆறாவது வாரத்துக்கு முந்தின நாள், "அண்ணி, கடையில லீவு சொல்லிட்டேன். நாளைக்கு நானும் உங்ககூட வரேன்"னா.

மறுநாள்தான் எங்களுக்குப் பரீட்சை. தனி ஆளா ஒரு வாஷ்பேசினைப் பொருத்திக் காட்டணும். என் மூளை எவ்வளவு வேகமா வேலை செஞ்சுது தெரியுமா? "ஐயோ, நீ வரக் கூடாது! யாருக்காக வேண்டிக்கிறமோ அவங்க கடைசி வாரம் கோயிலுக்குள்ள கால் வெச்சா பலிக்காது"ன்னேன். அப்படி ஒரு விதி எந்தக் கோயில்லயும் கிடையாது. அத்தை வேற, "ஆமா ஆமா, எங்க அம்மாவும் சொல்லும்"னு தலையாட்டினாங்க. என் பொய்க்கு ஒரு சாட்சி! அவ முகம் விழுந்துடுச்சு. "சரி அண்ணி"ன்னா.

பரீட்சையில நான் பொருத்தின பேசின்ல ஒரு சொட்டு ஒழுகல. குழாயை முழுசாத் திறந்து விட்டு, அடியில காஞ்ச பேப்பரை வெச்சுப் பாத்தாங்க. பேப்பர் நனையல. "சூப்பர்க்கா, தொழில் செய்யறவன் கெட்டான்!"னான் அந்தப் பையன். எல்லாரும் கை தட்டினாங்க. சர்டிபிகேட்டைப் பையில வெச்சுக்கிட்டு வேன்ல வரும்போது என்னை அறியாம சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

வீட்டுல நாத்தனாரைக் காணோம். "காலையில நீ போன கொஞ்ச நேரத்துல கிளம்பிச்சு, ஃபிரெண்டு ஊட்டுக்காம்"னாங்க அத்தை. ரெண்டு மணிக்கு மேல வந்தா. வெயில்ல முகமெல்லாம் கன்னிப்போய், உதடு காஞ்சு இருந்துச்சு. அந்தக் கத்திரிப்பூ கலர் சுடிதார்.

நான் பழத்தை நீட்டினேன். பரீட்சையில ஜெயிச்ச தெம்பு வேற, வாய் சும்மா இருக்கணுமே. "இந்தா, ஆறாவது வாரப் பழம், அம்மன் காலடியில வெச்சு எடுத்துக் குடுத்தாங்க. என்னா கூட்டம்கிற! அம்மனுக்குப் பச்சைப் பட்டு, பாக்கக் கண்ணு கோடி வேணும். உன் பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணேன்."

அவ பழத்தை வாங்கல. சமையல்கட்டுக்குள்ள போனா. நானும் பின்னாலயே போனேன். அவ கையில என் குடை. ஸ்டவ் பக்கத்துல சாத்தி வெச்சா.

"குடையை மறந்துட்டுப் போயிட்டீங்க அண்ணி. எடுத்துகினு மாங்காட்டுக்கு வந்தேன்."

நான் நீட்டின பழம் இன்னும் என் கையிலயே இருந்துச்சு.

"உள்ள வரக் கூடாதுன்னீங்கல்ல, அதனால வரல. எதிர்ல பூக்கடை ஓரமா நின்னேன். ஒன்பது, ஒன்பதரை இருக்கும். நடை சாத்துற வரைக்கும் வெளிய வந்த ஒவ்வொருத்தங்க முகமாப் பாத்துகினே நின்னேன். பூக்கார அம்மா கூட, உள்ள போய்ப் பாருமான்னு சொல்லிச்சு. நான் போனா பலிக்காதுன்னு அவங்ககிட்டயும் சொன்னேன்."

நான் பையைத் திறந்து அந்தச் சர்டிபிகேட்டை எடுத்து அவகிட்ட நீட்டினேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. அழுகை முட்டிக்கிட்டு வந்துது, எல்லாத்தையும் சொன்னேன். அவ பொறுமையா முழுசும் படிச்சா, என் பேரு, குழாய்ப்பணிங்கிறது, முத்திரை வரைக்கும்.

"இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நல்லதுதானே கத்துகினு வந்திருக்கீங்க"ன்னா. அப்புறம் மெதுவாக் கேட்டா. "எதுனா சொல்லணும்னா உங்க பேர்ல ஒரு வேண்டுதல் சொல்லியிருக்கலாமே அண்ணி. என் கல்யாணம்தான் கிடைச்சுதா?"

"மன்னிச்சுடுமா. அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நிஜமாவே போறேன். ஆறு வாரம் இல்ல, அறுபது வாரம் போறேன்."

"வேணாம். முன்னாடியும் நான் கேக்கல." சர்டிபிகேட்டை மடங்காம என் கையில திருப்பிக் குடுத்தா. "கல்யாணம் நடக்கும்னெல்லாம் நான் நினைக்கல அண்ணி. எனக்காக ஒருத்தங்க வெயில்ல போய் நிக்கிறாங்கன்னு நினைச்சேன். கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவ ஒரு பாட்டில் தண்ணியை நின்னபடியே குடிச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. மருந்து வாசனை அடிச்ச பழங்களை அவ ஒரு பிஸ்கட் டப்பாவுல அடுக்கி வெச்சிருந்தா. சாயந்திரம் அந்த டப்பா என் அலமாரியில இருந்துச்சு.

இந்த விஷயத்தை அவ இன்னிக்கு வரைக்கும் அத்தைகிட்ட சொல்லல. அண்ணன்கிட்டயும் சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சு நான் எங்க வீட்டு சிங்க்கைப் பிரிச்சுச் சரி பண்ணேன். ஃபோன்ல பாத்துக் கத்துக்கிட்டேன்னேன், அதுவும் பொய்தான். அத்தை திட்டவே இல்ல. "நல்லதாப் போச்சு, அந்தக் கட்டையில போறவனுக்காக இனிமே காத்துகினு கெடக்க வேணாம்"னாங்க. அவ்வளவுதான். இதுக்காகவா நான் அத்தனை பயந்தேன்? இப்போ எங்க தெருவுல குழாய்னா என்னைத்தான் கூப்பிடுறாங்க. நாத்தனாருக்கு இன்னும் கல்யாணம் ஆகல.

போன மாசம் வெள்ளானூர்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பந்தியில அத்தை, நாத்தனார், நான்னு வரிசையா உக்காந்திருந்தோம். எதிர்ல ஒரு பெரியம்மா. அத்தை எல்லாக் கல்யாணத்துலயும் சொல்றதை அங்கயும் ஆரம்பிச்சாங்க. "எம் மருமவ மாதிரி வராதுக்கா. நாத்தனாருக்காக ஆறு வாரம் உடாம மாங்காடு போய் வந்துச்சு. அம்மாம் வெயில்ல, குடை கூட இல்லாம!"

நான் இலையைப் பாத்துக்கிட்டிருந்தேன். இல்லைன்னு சொல்லிடலாம்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சொன்னா அத்தனை பேர் முன்னால ஏமாந்து நிக்கப் போறது நானில்ல, அவ.

அந்தப் பெரியம்மா அவ பக்கம் திரும்பி, "இப்படி ஒரு அண்ணி அமையக் குடுத்து வெச்சிருக்கணும்டி"ன்னாங்க.

"ஆமா பெரியம்மா, குடுத்து வெச்சிருக்கணும்"னா அவ. சொல்லிட்டு, பரிமாறிக்கிட்டு வந்தவரை நிறுத்தி, "அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைங்க"ன்னா.