மாமாவின் வேண்டுதலும் என் தலைமுடியும்

என் தலைமுடியைக் கால்பந்தாட்டத்தில் பணயம் வைத்தவர் என் தாய்மாமா. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இடுப்பைத் தொடும் கூந்தல் எனக்கு. வகுப்பில் வேறு எவளுக்கும் அப்படி இல்லை என்ற திமிரும் உண்டு.

மாமா சென்னையில் வேலை பார்த்தவர். தாத்தா வரப்பில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டதும், வேர்க்கடலைக் கொல்லையைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று திருத்தணிக்கு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அறைத் தோழர்களோடு ஸ்டேடியத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்திய பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எங்கள் தெருவிலோ கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் செல்லாது.

அந்த வருடம் தேசிய லீக் தொடங்கிய அன்று, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் மாமா மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சென்னை டீம் செமி ஃபைனல் போனா, எங்க பாப்பா முடிய உனக்குக் குடுத்துடறேன் முருகா."

தன் முடியை வேண்டிக்கொள்ள அவர் தலையில் முருகன் கண்ணில் படும்படி ஒன்றும் மிச்சமில்லை. அம்மா அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி பேரில் சொன்னால் சொன்னதுதான். நைனா, அதாவது என் அப்பா, சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டார்.

சென்னை தோற்றால்தான் எனக்கு முடி என்று ஆகிவிட்டது. ஒரு மேட்ச் விடாமல் மாமா பக்கத்தில் உட்கார்ந்து எதிரணிக்காக வேண்டிக்கொண்டேன். ஆட்டத்தின் விதிகளில் நான் முதலில் கற்றது ஆஃப்சைடு. விழுந்த கோலை இல்லை என்று ஆக்கும் அருமையான விதி அது. சென்னை கோல் போட்டால் முதலில் "ஆஃப்சைடு!" என்று கத்துவது நான்தான்.

"டிஃபென்டர் அவனுக்கு முன்னால நின்னுகினு இருக்கான் பாரு. இது ஆஃப்சைடு இல்ல பாப்பா" என்று மாமா கோபமே இல்லாமல் விளக்குவார். தோற்ற நாட்களில் அவர் தட்டைத் தள்ளிவைப்பார். நான் இன்னொரு தோசை கேட்பேன்.

டிசம்பர் கடைசியில் மலையில் படித் திருவிழா. படிப்படியாக மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே நானும் மாமாவும் ஏறினோம். ஒவ்வொரு படியிலும் அவர் வெற்றியைக் கேட்டார், நான் தோல்வியைக் கேட்டேன். முருகன் பாடு திண்டாட்டம்தான்.

லீக்கின் கடைசி மேட்ச்சில் டிரா செய்தாலே சென்னைக்குப் போதும் என்ற நிலை. அதற்குள் எனக்கு அந்த அணியில் எல்லோரையும் தெரிந்திருந்தது. கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாயத் தயங்குவார், குட்டையான அந்த விங்கர் எப்போது மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி கோல் போட்டது.

"ஆஃப்சைடு!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யாருக்காகக் கத்தினேன் என்பது உறைத்தது. கோட்டோரம் நின்றவர் கொடியைத் தூக்கவே இல்லை. என் முடி தப்பியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா ஓடிவந்தாள். "எதுக்குடி அழுவுற? தோத்துட்டாங்க இல்ல, இனிமே முடி போவாது. ஜெயிச்சிருந்தாலும் நம்ம வூட்ல பொம்பளப் புள்ளைக்குப் பூமுடிதான். நுனியில மூணு தபா கத்திரி வெப்பாங்க, அவ்ளோதான். மொட்டைன்னா நெனச்சுகினு இருந்த?"

நான் மாமா பக்கம் திரும்பினேன்.

"உனக்கு இது தெரியுமா மாமா?"

"ஆங். தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எழுந்து போயிருப்ப இல்ல?"

வெகு நாட்கள் அவரோடு நான் பேசவில்லை. ஒரு சீசன் முழுக்க என்னைப் பயமுறுத்தி வேடிக்கை பார்த்தார் என்று அவ்வளவு ஆத்திரம். வீடு நிறைய ஆள் இருந்தும் அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்க ஒருவரும் இல்லை என்பதும், தன் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவளாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார் என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை.