ஸ்பீக்கர் மேல் வைத்த பிளாப்பி

ஃபாதர், தட்டச்சு செய்யும் ஸ்டெல்லா, கூட்டித் துடைக்கும் நான். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கோயில் அலுவலகத்தில் அன்று இருந்தது மூன்று பேர்.

மறுநாள் கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தவர்களின் பெயர்களை ஸ்டெல்லா தட்டச்சு செய்து பிளாப்பி டிஸ்கில் ஏற்றியிருந்தாள். பெயர் எழுதிய சீட்டுகளை நான் குப்பையில் போட்டுவிட்டேன். மேசையில் மழை ஒழுகியதால் பிளாப்பியை ஸ்பீக்கர் மேல் வைத்ததும் நான்தான்.

ஸ்டெல்லா அதைக் கணினியில் போட்டதும் டக் டக் என்று இடித்தது.

"என்னம்மா சத்தம்?" என்று கேட்டேன்.

"உள்ள ஒரு முனை, சுத்துற தட்டைத் தடவித் தேடுதுண்ணே. காந்தத்துல எழுதினது அழிஞ்சிருந்தா, கிடைக்காம ஆரம்பத்துக்கே போய் முட்டும். ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குலா. அதுகிட்ட வச்சீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

மறுநாள் பெயர் சொல்லாமல் எல்லாருக்குமாக ஃபாதர் ஜெபித்தார். அந்த முட்டல் இன்றும் எனக்குக் கேட்கிறது.

என் மனைவியோடு சேர்த்து இருநூற்றுப் பதினாறு பெயர்கள்.