கருங்கல் கூட்டுக்குள் வைஃபை

லேப்டாப் பழுது பார்ப்பவன் முதலில் பழக வேண்டியது, ஒன்றும் புரியாதபோது எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டுவது. என் தலையாட்டலுக்குப் பயந்தே பாதி லேப்டாப்புகள் சரியாகியிருக்கின்றன. லேப்டாப்பில் வீட்டு வைஃபை பெயர் தெரியாமல் தவித்த புண்ணியவான்களே, கேளுங்கள்.

சிக்னல் குடித்த மீன்கள்

ஊரப்பாக்கத்தில் பாத்திரக்கடை காதர் பாய் வீடு. ரௌட்டர் ஹாலில், லேப்டாப் உள்ளறையில், நடுவே ஆளுயர மீன்தொட்டி. தண்ணீர் சிக்னலைத் தடுக்கும். அந்தச் சிக்னலைக் குடித்துக் குடித்தே அந்தத் தங்கமீன்கள் விரால் கணக்காய்ப் பெருத்திருந்தன; நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். ரௌட்டரை அலமாரி மேல் ஏற்றினேன், லேப்டாப்பில் பெயர் வந்தது. லேப்டாப் நிரபராதி, குறுக்கே நிற்பவனே குற்றவாளி என்று அன்றே சட்டம் போட்டேன். பாய்தான் நொந்துபோனார்: "அப்போ மாசாமாசம் மீனுக்கா நெட்டு போட்டுகினு கீறேன், பெருசு?"

யாளி காவல்

அடுத்த வாரம் அதே சட்டத்தோடு மாமல்லபுரம் போனேன். சிற்பி ஏழுமலையின் மகள் செல்விக்குப் பதினோரு மணிக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். மணி பத்தரை. "நேத்து காலைல வரைக்கும் வந்துச்சு சார். இப்போ பக்கத்து லாட்ஜு வைஃபைகூட தெரியல" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை.

என் கண்ணோ அறை மூலையில் இருந்த கருங்கல் கூட்டின் மேல். பட்டறைத் தூசு ரௌட்டருக்குள் போகாதிருக்க ஏழுமலையே செதுக்கியது. முகப்பில் இரண்டு யாளிகள், வயருக்கு ஒரு துளை. முந்தின நாள்தான் மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார். "குற்றவாளி இதுதான், உடைங்க" என்றேன். அவர் யாளியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சம்மட்டியை எடுத்தார். மூன்று மாத வேலை மூன்றே அடியில் போனது. "யாளிய இன்னொருவாட்டி செதுக்கிக்கலாம். பொண்ணு வேலை போச்சுன்னா உளி உம் பக்கம் திரும்பும், அண்ணாத்த!"

அம்மாவின் துணி

ரௌட்டர் வெளியே வந்தது. லேப்டாப்பில் இன்னும் ஒரு பெயரும் இல்லை. மணி பத்து ஐம்பத்தைந்து. தலையை ஆட்டினேன், லேப்டாப் பயப்படவில்லை. ஏழுமலை உளியைத் தேடுவதுபோல் இருந்தது.

செல்வியின் அம்மா எட்டிப் பார்த்தார். "நேத்து துணியால லேப்டாப்பு தூசு தொடைக்கச்சொல்ல ஓரத்துல சின்னதா ஒண்ணு நகுந்துச்சே, அது இன்னாது?"

வைஃபை சுவிட்ச்! பழைய லேப்டாப்புகளில் பக்கவாட்டில் இருக்கும்; அது அணைந்தால் லாட்ஜு என்ன, எந்த வைஃபையும் தெரியாது. தள்ளினேன். லாட்ஜு பெயர் முதலில் வந்தது, அதன் பின்னால் வீட்டு வைஃபை பெயர். தலையெல்லாம் கல்தூசோடு செல்வி சரியாகப் பதினொன்றுக்குத் தேர்வுக்குள் நுழைந்தாள்.

"கூட்டை உடைச்ச அதிர்வுலதான் சுவிட்சே இளகிச்சு" என்று கூசாமல் சொன்னேன். ஏழுமலை என்னை மேலும் கீழும் அளந்தார். "மூடி போன கூட்டுல உஞ்சிலைய வெச்சிட்றேன் அண்ணாத்த. வாய மட்டும் மூடினாப்புல செதுக்கிட்றேன்."

இப்போதெல்லாம் சுவிட்சைப் பார்த்த பிறகுதான் சுவரைக் குற்றம் சொல்கிறேன், தலையாட்டலை மட்டும் இன்னும் விட மனசு வரவில்லை.