தாயார் பொம்மையும் மன்னியின் கைகளும்

1958ஆம் வருஷம் என்று நினைவு. ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் இருந்த எங்கள் புக்ககத்தில், நவராத்திரி வெள்ளிக்கிழமை அன்று நடந்தது இது. அப்போது எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் மாமியார், என் கணவர், அவருடைய அண்ணா, அண்ணாவின் மனைவியான மன்னி. மன்னி அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்!

அந்த வருஷக் கொலுவுக்கு பெருமாள் கோயில் தாயாரைப் போல ஒரு பொம்மையை என் கையாலேயே செய்வதென்று முடிவு செய்தேன். என் கணவர் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு வெளிநாட்டுப் பொம்மை வாங்கி வந்தார். ரோஜா நிறம், நீலக் கண், ஊதினால் பறந்துவிடும் கனம். நீலக் கண்ணைக் கண்மையால் கறுப்பாக்கினேன். பழைய பட்டுப்புடவைக் கரையில் மடிசார், பஞ்சும் கம்பியும் சுற்றி இன்னும் இரண்டு கைகள், பாசிமணியில் ஒட்டியாணம், ஜிகினாவில் கிரீடம். பதினைந்து நாள் வேலை. முகம் அப்படி அமைந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும்தான் வந்தது வினை. நான் வீட்டுக்கு விலக்கு. அந்த நாளில் எங்கள் வீட்டு வழக்கம், மூன்று நாள் கொல்லைப்புற அறையில் தனியாக உட்கார வேண்டும். முந்தின நாளே மன்னி அங்கே போய் உட்கார்ந்தாயிற்று. நானும் போனால் மாமியார் ஒருத்தியாகச் சமைக்க வேண்டுமே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அன்று சாயங்காலம் வெற்றிலை பாக்கு வாங்க இருபது பேர் வருவார்கள். அவர்கள் என் தாயாரைப் புகழும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே மறைத்தேன். துணியைத் துவைத்து மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் உலர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கோலம் போட்டேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. குழந்தை படிக்குக் கீழே சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். “முகம் சரியா தெரியலையே” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவ்வளவுதான். கைவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, பொம்மையின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணெதிரே தாயாரின் முகம் தீயாகிவிட்டது. கண்மை வைத்த கண்கள் உருகி வழிந்தன. படியில் விரித்திருந்த வேஷ்டி பற்றிக்கொண்டது. காகிதத் தோரணம் எரிந்தபடியே குழந்தையின் பாவாடையில் விழுந்தது. எல்லோரும் அலறினார்கள். நான் அலறக்கூட இல்லை. கையில் விளக்கோடு மரம் மாதிரி நின்றேன். தாயார் என்னைத் தண்டித்துவிட்டாள் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. பெற்ற குழந்தை எரிகிறாள், நான் நிற்கிறேன்!

கொல்லைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர் மன்னி. யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. குழந்தையைப் பிடித்து இழுத்து, எரிகிற பாவாடையை வெறும் கையாலேயே கசக்கி அணைத்தார். வேஷ்டியை உருவினார். படியெல்லாம் சரிந்து பொம்மைகள் நொறுங்கின. ஜமக்காளத்தைத் தூக்கிப் போட்டு மிதித்தார். நெருப்பு அடங்கியது. குழந்தைக்குத் தொடையில் சின்னக் கொப்புளம் ஒன்றுதான். மன்னியின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்திருந்தன.

கூடத்தில் முதலில் எழுந்த குரல் எது தெரியுமா?

“ஐயையோ, தூரமா இருக்கறவ கூடத்துக்கே வந்துட்டாளே!”

“அதான் தாயாருக்கு ஆகலை. போ, தலைக்கு ஜலம் விட்டுண்டு உள்ளே போய் உட்காரு” என்றார் மாமியார், மன்னியிடம்.

தீப்பிடித்த பிறகுதான் மன்னி உள்ளே வந்தார் என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறந்து, “மன்னி இல்லை, நான்தான்” என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிணற்றடியில் மன்னிக்குத் தண்ணீர் இறைத்து ஊற்ற என்னைத்தான் அனுப்பினார்கள். “தொட்டுடாதே, தள்ளி நின்னு விடு” என்று மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். வெந்த கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி மன்னி குனிந்தார். ஊற்றினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்னார்:

“கொட்டில் பின்னாடி உன் துணியைக் காலம்பறவே பார்த்துட்டேன். அம்மா சாணி எடுக்க அந்தப் பக்கம் வருவாளேன்னு வைக்கோலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். மறக்காம எடுத்துக்கோ. குழந்தை பயந்திருப்பா, போ.”

தவலை என் கையிலிருந்து நழுவி விழுந்தது. நெருப்பைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. கூடத்தில் எல்லோரும் பழி சொன்னபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! ஒரு வார்த்தை விட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

அன்றிரவு என் கணவர், “அது செல்லுலாய்டு பொம்மை. சினிமா பிலிமும் அதே சரக்குதான், நெருப்பைக் கண்டா விடாது” என்றார். தாயார் தண்டிக்கவில்லை, என் பெருமைதான் விளக்கைத் தூக்கியது என்று புரிந்தது. அப்போதும் மாமியாரிடம் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. அவர் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

மன்னியின் வலது கையில் இரண்டு விரல்கள் அப்புறம் முழுதாக நீளவே இல்லை. அந்தக் கையாலேயே என் பெண்ணின் கல்யாணத்தன்று அவளுக்குத் தலை பின்னிவிட்டார். அன்றைய பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. இப்போது அவரும் இல்லை.

நான் இன்றும் கொலு வைக்கிறேன், களிமண்ணில் என் கையாலேயே தாயார் செய்கிறேன். ஆனால் விளக்கேற்றியதும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை. கண் நேராக அவள் கைகளுக்குத்தான் போகிறது.