கொத்தனார் ஊற்றிய தண்ணீர்

கொத்தனாரை வேலை நடக்கும் இடத்தில் 'மட்டப்பலகை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது. சுவர் நூலளவு சாய்ந்தாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டுவார், அப்படி ஒரு பிடிவாதம். ஆனால் சமையலறைப் பக்கம் முப்பது வருஷமாக எட்டிப் பார்த்ததில்லை மனுஷன். வெந்நீர் வைக்கச் சொன்னால்கூட எந்தப் பாத்திரத்தில் என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டிறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டு நின்றதற்குக் காரணம் இருந்தது. மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து வீடு திரும்பி ஒரு மாதம். காயம் ஆறிவிட்டது, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவள் இரண்டு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுகிறாள். ஆறு கிலோ இறங்கிவிட்டாள். புதன்கிழமை எடை பார்ப்பார்கள். இன்னும் குறைந்திருந்தால் மறுபடி ஆஸ்பத்திரி, குழாய் வழியாகத்தான் சாப்பாடு. "மறுபடி அங்க போனா நான் திரும்பி வரமாட்டேங்க" என்று அவள் சொன்ன நாளிலிருந்து கொத்தனாருக்குத் தூக்கம் போயிற்று.

அவள் கைப்பக்குவத்திலேயே பேர் போனது அந்த இறைச்சிச் சோறுதான். முந்தின நாள் அளவு கேட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே ஒப்பித்தாள்: அரைக் கிலோ இறைச்சி, இரண்டு கப் அரிசி, வெங்காயம், தக்காளி, கேரட், இறைச்சி வெந்த தண்ணீர் நாலு கப், மேலே சீஸ் தூவி ஓவனில் வைக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இறைச்சி பதமாக வெந்தது. வெங்காயம் கருகாமல் வதங்கியது. ட்ரேயில் எல்லாவற்றையும் பரப்பி, அரிசியைக் கொட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி மட்டம் பார்த்தார். பிறகு தண்ணீர். இரண்டரைக் கப் ஊற்றியதும் கை தானாக நின்றுவிட்டது. தண்ணீர் கூடினால் கலவைக்குப் பலம் போய்விடுமே! அடக் கடவுளே, அது சிமெண்டுக்கு அல்லவா? சோற்றுக்கு யார் சொன்னது? அது அவருக்கு உறைக்கவே இல்லை. மீதியை மூடி வைத்துவிட்டு, சீஸைத் தூவி, ட்ரேயை ஓவனுக்குள் தள்ளினார்.

மேலே பொன்னிறம், பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. தட்டில் போட்டுக் கட்டிலுக்கே கொண்டுபோனார். அவள் ஒரு வாய் வைத்தாள். 'நறுக்'கென்று சத்தம் கேட்டது. முடிந்தது கதை, இனி இதையும் தொடமாட்டாள்.

"எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"ரெண்டரை."

"நாலு சொன்னேனே?"

"தண்ணி அதிகமானா கலவை நிக்காதுல்ல..."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது! தின்னுற சோத்துக்கா காங்கிரீட் போட்டீங்க?"

சிரிப்பு அடங்கியதும் போர்வையை விலக்கிவிட்டு எழுந்தாள். கொத்தனார் பதறினார். "நகருங்க" என்று சொல்லி, சுவரைப் பிடித்தபடியே சமையலறைக்கு வந்துவிட்டாள். அரிசியைக் கரண்டியால் குத்திக் கிளறி, மூடி வைத்திருந்த தண்ணீரைச் சுட வைத்து ஊற்றி, மறுபடி ஓவனில் தள்ளினாள். அரை மணி நேரமும் ஸ்டூலைவிட்டு நகரவில்லை. வெங்காயத்தை இவ்வளவு தடியாகவா நறுக்குவது, அடுப்பை இப்படியா போட்டு வைப்பது என்று ஒரே ஏச்சு. கொத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அந்த ஏச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ட்ரே வெளியே வந்ததும் அங்கேயே உட்கார்ந்து, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். இரண்டாவது வாய் தாண்டியது. ஐந்தாவது தாண்டியது. அதற்குமேல் அவர் எண்ணவில்லை. வழித்துத் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

கரண்டியை எடுத்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது, சோறு தெரியவில்லை.

"அழுதுக்கிட்டே போடாதீங்க," என்றாள் அவள். "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."