நான் எழுதாமல் விட்ட ஒரு நிமிடம்

இது நடந்து நாலு வருடம் இருக்கும். திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒரு பெண்பிள்ளை அப்போது அங்கே வாடகைக்கு இருந்தார். வெளியூர்ப் பிள்ளை. முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நான் மேலே கொண்டுபோய்க் கொடுக்கும் சுண்டலை மட்டும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கலியாணத்துக்கு முன் நான் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மனுக்கள் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தவள். படிப்பு பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சை வரைதான். இதை என் கணவர் ஒருநாள் கதையோடு கதையாகச் சொல்லிவிட, அந்தப் பிள்ளை மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்தார்.

அவரிடம் பதினான்கு ஒலிப்பதிவுகள் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் போர்க்காலத்தில் நடந்த கொலைகளில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் வாயால் சொன்னவை. அவற்றைப் பதிவு செய்தவர் அவரோடு வேலை செய்த இன்னொருவர். பிறகு வெளிநாடு போய்விட்டார். இனப்படுகொலைகளைப் பற்றிய ஆய்வுகளை மட்டும் வெளியிடுகிற ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு இந்தப் பிள்ளை கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு சொல்லும் விடாமல் தமிழில் தட்டச்சுச் செய்து கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

"அன்ரி, ஆக்கள் பிழையாச் சொன்னாலும் பிழையாவே எழுதுங்கோ. அழுதா, அழுகினம் எண்டு அடைப்புக்குறிக்குள்ள போடுங்கோ. பேசாமல் இருந்தா எத்தனை செக்கன் எண்டு பாத்து அதையும் போடுங்கோ. நீங்கள் ஒண்டும் திருத்தக்கூடாது" என்றார்.

சரியென்று தலையாட்டினேன்.

காலையில் விளக்கு வைத்து, தேவாரம் பாடி, திருநீறு பூசிக்கொண்டுதான் அந்த வேலைக்கு உட்காருவேன். அப்படி உட்கார்ந்தும் பல நாள் நெஞ்சு தாங்காது. இரண்டு வரி அடித்துவிட்டு முற்றத்துக்குப் போய் நிற்பேன். குசினியில் பருப்பு அடிப்பிடிக்கும். "இந்த வீட்டில மூக்குள்ளவன் நான் ஒருத்தன்தான் போல" என்று என் கணவர் கத்திக்கொண்டு போய் அடுப்பை நூர்ப்பார்.

ஆறாவது ஒலிப்பதிவு ஒரு பெண்ணுடையது. மூதூர்ப் பக்கத்து ஊர் ஒன்று. ஊரின் பெயர் கட்டுரையிலும் இல்லை, இங்கேயும் வேண்டாம். ஊரில் சுடத் தொடங்கியதும் சனம் அம்மன் கோயிலுக்குள் ஓடி ஒளித்ததையும், சுட்டவர்கள் அங்கேயும் வந்துவிட்டார்கள் என்பதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். குரல் நடுங்கவில்லை. பிறகு இப்படிச் சொன்னார்:

"என்ர மனுசனைக் கோயில் வாசலாலதான் இழுத்துக்கொண்டு போனவங்கள். நான் திரும்பி அம்மாளாச்சியைப் பாத்தன். விளக்கு எரிஞ்சுகொண்டிருந்தது. கிட்டப் போய் வாயால ஊதி நூத்தனான். அண்டையிலயிருந்து எனக்கும் அவவுக்கும் கதை பேச்சில்லை."

அதற்கடுத்து அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, விடியத் தப்பி வயல் வழியே போன கதை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் கோயிலுக்குப் போய்விட்டு விரதத்தோடு இருந்தேன். அம்மன் விளக்கை வாயால் ஊதி அணைத்தேன் என்று என் விரலால் அடிக்க எனக்கு ஏலவில்லை. அடித்தேன், அழித்தேன். திரும்ப அடித்தேன், திரும்ப அழித்தேன். கடைசியில் கணவரைக் கொண்டுபோனார்கள் என்பதை மட்டும் அடித்து, "கோயில் வாசலால" என்ற சொல்லையும் அதன் பிறகு அந்த மௌனம் வரையான ஒரு நிமிடத்தையும் அப்படியே விட்டுவிட்டேன். கோயிலுக்குள் ஒளித்திருந்தோம், விடியத் தப்பினோம் என்று வரிகள் ஒட்டிக்கொண்டன. துன்பத்தில் வந்த வார்த்தை, அது எழுத்தில் நிற்க வேண்டாம், அவருக்கும் நல்லது என்று நினைத்தேன். அன்று மாலை அம்மனுக்கு முன்னால் நின்றபோது ஏதோ நல்ல காரியம் செய்த மாதிரி எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வருடம் போனது. கட்டுரையை முகம் தெரியாத இரண்டு அறிஞர்கள் படித்துக் கேள்வி கேட்டார்களாம். பிள்ளை திருத்தி அனுப்பினாராம். ஒருநாள் படியில் ஓடி வந்து, "அன்ரி, கட்டுரையை எடுத்திட்டினம்!" என்றார். அந்தப் பிள்ளை சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். கடைசியாக ஒருமுறை பிழை பார்த்து இரண்டு நாளில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கட்டுரை வந்திருந்தது. அதற்குமுன், யாருடைய வார்த்தைகள் கட்டுரையில் வருகின்றனவோ அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. மூன்று பேர். இரண்டு பேர் பட்டினத்தில்தான். மூன்றாவது ஆள், ஆறாவது ஒலிப்பதிவில் பேசிய அந்த அக்கா. துணைக்கு வரச்சொல்லி என்னைக் கேட்டார்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனோம். கடலைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த ஒரு நிமிடம் என் நினைவில் இல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

அந்த அக்கா விறாந்தையில் சுளகை மடியில் வைத்து நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நாட்கணக்காகக் காதுக்குள் கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் கண்டேன். எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "தங்கச்சி விரதமோ? அப்ப கொஞ்சம் அங்கால இரும், கருவாடு மணக்கும், பூனை வேற வந்து உம்மட மடியில ஏறும்" என்றார். மூவரும் சிரித்தோம்.

பிள்ளை கட்டுரையில் அவருடைய பகுதியைத் தமிழில் வாசித்தார். அவருக்குப் பெயர் இல்லை, ஒரு இலக்கம்தான். அவர் வார்த்தைகள் வந்தன. அவற்றுக்குக் கீழே பிள்ளை எழுதியிருந்த விளக்கமும் வந்தது. தப்பியவர்களுக்குக் கோயில் அடைக்கலமாக இருந்தது, அந்த நம்பிக்கைதான் பிறகும் அவர்களைத் தாங்கியது என்று.

கருவாட்டில் இருந்த கை நின்றது.

"பிள்ளை, இது ஆரிட கதை?"

"உங்கட கதைதான் அக்கா. நீங்கள் சொன்னது."

"நான் சொன்னதில விளக்கைக் காணேல்லையே. விளக்கை ஊதி நூத்தனான் எண்டு சொன்னனான். எங்க அது?"

பிள்ளை தாள்களைப் புரட்டினார். "அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா. சிலவேளை அந்த இடத்தில சத்தம் சரியாப் பதிவாகேல்லையோ தெரியாது" என்றார் பிள்ளை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். கருவி மேல் பழி போயிருக்கும். என் மேல் பிள்ளைக்கு இருந்த நம்பிக்கை பெரிது. திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கவும் மாட்டார். முருகா என்று மனதுக்குள் சொன்னேன். அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் பொய்யில் இருக்க ஏலவில்லை.

"பதிவாகியிருக்கு. நான்தான் எழுதாமல் விட்டனான்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன்?" என்று அக்காதான் கேட்டார்.

"சாமிக் குத்தமாப் போயிடும் எண்டு..."

அவர் சுளகை இறக்கி வைத்தார். கோபித்துக் கத்துவார் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அம்மாளாச்சி தனக்கு வழக்குப் பேச உம்மை அப்புக்காத்தா வைச்சிருக்கிறாவோ? எனக்கும் அவவுக்கும் உள்ள வழக்கு அது. நடுவில நீர் ஆர்?"

அவரே தொடர்ந்து சொன்னார். அந்த வார்த்தைகள் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கின்றன.

"தங்கச்சி, அண்டைக்கு நடந்த மற்றதெல்லாம் அவங்கள் எங்களுக்குச் செய்தது. நானா ஒரு காரியம் செய்தன் எண்டா, அந்த விளக்கை நூத்ததுதான். அதை எடுத்திட்டீரெண்டா, அந்தக் கதையில நான் எங்க இருக்கிறன்?"

பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் தந்தார். அதைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் வைத்துத்தான் பிள்ளை, "மற்ற ஒலிப்பதிவுகளிலயும் இப்பிடி விட்டிருக்கிறீங்களோ அன்ரி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்லவேண்டி வந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம்.

அன்றே அவர் ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொன்னார். அடுத்த இதழில் வரவேண்டியது வரவில்லை. அவர் எழுதியிருந்த விளக்கமே பிழையான வரியின் மேல் நின்றது அல்லவா? அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக எழுதி, அந்த அறிஞர்களிடம் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. என் பிழை என்று என் பெயரைப் போட்டு எழுதச் சொன்னேன். "இல்லை அன்ரி. எழுத்தையும் ஒலியையும் ஒத்துப்பாக்க வேண்டியது நான். கோயில் அடைக்கலம் எண்டு வாசிச்சதும் எனக்கும் அது நல்லாத்தான் இருந்தது. அதால நானும் தேடேல்லை" என்றார்.

என் கணவர் மட்டும், "பிள்ளை இனி வீடு மாறிப் போயிடும், இருந்து பார்" என்றார். பிள்ளை போகவில்லை. பதினான்கு ஒலிப்பதிவுகளையும் நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து முதலிலிருந்து கேட்டோம். பின்னேரங்களில், சாப்பாட்டு மேசையில், ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு. மூன்று வாரம் எடுத்தது. இன்னும் இரண்டு இடங்கள் அகப்பட்டன. ஒரு ஐயா கோயில் குருக்களை ஏசியதை நான் மெதுவாக்கியிருந்தேன். இன்னொரு தாய், இறந்துபோன மகனைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்கிறார். மகன் சின்னதில் செய்த ஏதோ குறும்பு. அந்தச் சிரிப்பை நான் போடவேயில்லை. அழுததையெல்லாம் கவனமாக அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன்.

அக்காவின் ஒலிப்பதிவு வந்தபோது பிள்ளை விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த ஒரு நிமிடத்தை அடித்தேன். கடைசியில், மௌனம், பதினொரு செக்கன் என்று போட்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. புத்தகமாக அல்ல, இணையத்தில். அக்காவின் பகுதி இருந்த தாள்களை அச்செடுத்துக்கொண்டு மீண்டும் மூதூர்ப் பக்கம் போனோம். என்னைக் கண்டதும், "அப்புக்காத்து வந்திட்டா" என்றார். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். பிள்ளை ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழாக்கி வாசித்தார். கோயில் தாங்கியது என்ற பேச்சு இப்போது இல்லை. எல்லாம் பறிபோன இடத்தில் ஒரு பெண் தானாக எடுத்த ஒரே முடிவு என்று அந்த விளக்கைப் பற்றித்தான் ஒரு பந்தி இருந்தது.

அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த வரி எது, காட்டும்" என்று தாளை என்னிடம் நீட்டினார். ஆங்கிலம் எனக்கும் அரைகுறைதான். எழுத்துக் கூட்டித் தேடி அவர் விரலை எடுத்து அந்த வரியின் மேல் வைத்தேன். அவர் விரலை வரியின் கடைசிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். பிறகு தாளை இரண்டாக மடித்தார்.

"இப்ப சரி. இனி ஆரும் வாசிக்கட்டும்" என்றார்.

நான் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போகிறேன், அந்தப் பிள்ளைக்கு இன்றும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். அம்மனுக்குக் காவல் நிற்பதாக நினைத்து ஒரு வரியை அழித்த அன்று, அம்மன் என்னிடம் கேட்டிருக்கக்கூடிய ஒரே பணியைத்தான், ஒரு பெண் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதைத்தான், நான் செய்யாமல் விட்டேன் என்ற எண்ணம் ஒவ்வொரு புதுக் குரலைக் கேட்கத் தொடங்கும்போதும் என்னைக் கைகூப்ப வைக்கிறது.