அத்தான் கேட்ட வாசனை

அந்த டப்பா வெளிர்பச்சை நிறம், ஒரு சாண் உயரம் இருக்கும். சிங்கப்பூரில் அத்தானோடு வேலை பார்த்தவர் அதை நாலு சட்டைக்கு நடுவே ஒரு பனியனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விமானத்தில் திருச்சிக்கும், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி அரிமளத்துக்கும் வந்து சேர்ந்த அந்த டப்பாவை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மத்தியானம் மூன்று மணிக்கு வைத்துவிட்டு, "மொதலாளி குடுத்துவிட்டாருண்ணே. ஒங்க பேரச் சொல்லித்தான் குடுத்தாரு" என்றார். அத்தான் அதைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த உறவுக்காரரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பீர். அவர் பதினான்கு வருடம் வேலை பார்த்த சின்னஞ்சிறு பட்டறையில் காய்ச்சியது. பட்டறை என்று அத்தான்தான் சொல்வார். பெரிய கம்பெனி இல்லை. ஒரு பழைய கிடங்குக்குள் ஐந்து எஃகுத் தொட்டிகள், ஏழெட்டு ஆட்கள், அவ்வளவுதான். இந்தியா பேல் ஏல் என்று ஒரு வகை உண்டாம், மற்ற பீரைவிடக் கசப்பு கூடியது. அதில் ஹாப்ஸ் என்கிற பூவை அள்ளிப் போடுவார்கள். எந்தப் பூ, எவ்வளவு, எப்போது என்பதில்தான் அதன் வாசனை முழுவதும் இருக்கிறது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அத்தானிடமிருந்து. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்காத அவர், அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிதானமாக, சொல் சொல்லாகத் தேடிப் பேசுவார்.

தொட்டி கழுவுகிற ஆளாகத்தான் அங்கே போனார். ஒருநாள் கழுவிக்கொண்டிருந்தவர், பக்கத்துத் தொட்டியில் வெண்ணெய் உருக்குகிற வாசனை வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் அது பக்குவம் தப்பிய பீர். காய்ச்சுகிறவருக்கே தெரியாதது இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று முதலாளி அசந்துபோனார். அன்றிலிருந்து தினம் காலையில் ஐந்து தொட்டியிலிருந்தும் ஒவ்வொரு மடக்கு எடுத்து அத்தான் மோந்து, ருசித்துச் சொன்ன பிறகுதான் மற்ற வேலை நடக்கும். "நான் குடிகாரன் இல்ல டீச்சர், ருசி பாக்குறவன்" என்று என்னிடம் சொல்வார். நான் திருமயம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் டீச்சர்தான்.

அக்காவுக்கு இந்த வேலையே பிடிக்காது. எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அவரை வண்டிப்பேட்டைச் சாராயக்கடையிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருவது அக்காவின் வேலையாக இருந்தது, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடியபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, குடிக்கிறவரா என்பதுதான். அப்படிப்பட்டவளின் புருஷன் பீர் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்த்தால் எப்படி இருக்கும்? அக்கம்பக்கத்தில் கேட்டால், "தண்ணி கம்பெனியில இருக்காரு" என்பாள். குடிதண்ணீர் கம்பெனி என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவள் கணக்கு. கேட்டவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் அவளுக்குப் புரியவே இல்லை.

ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை போனில் அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "இந்தத் தடவ நல்லா வந்துருக்குடி. மொத மடக்குல நார்த்தங்கா தோலு, பெறகு தேனு, கடைசியில மாங்காய்ப் பாலு" என்று அவர் சொல்லச் சொல்ல, இவள் அரிசியில் கல் பொறுக்கியபடி "ம், ம்" என்பாள். பதினான்கு வருடக் குடும்பத்தில் முக்கால்வாசி அந்தப் போனில்தான் நடந்தது.

ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு அத்தானுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் பின் ஒருநாள், கெட்டுப்போன தொட்டியை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். முழுத் தொட்டியையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவரே முதலாளியிடம் போய், "எனக்கு வாசன தெரியல. தெரிஞ்ச மாதிரிதான் கொஞ்ச நாளா சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்காரச் சொன்னார்கள். மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

காய்ச்சலால் போனது, தானாகத் திரும்பும் என்றார் டாக்டர். அத்தான் காத்திருந்தார். நான் அங்கே போகும்போதெல்லாம் நார்த்தை இலையைக் கசக்கி மூக்கருகே வைத்தபடி கொல்லையில் நின்றுகொண்டிருப்பார். என்னைக் கண்டதும் இலையைக் கீழே போட்டுவிடுவார்.

அப்படிப்பட்ட நாளில்தான் அந்த டப்பா வந்தது. கொண்டுவந்தவர் கிளம்பிப் போனதும் அத்தான் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க ஒரு மடக்கு குடிச்சு எனக்குச் சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, வார்த்த தெரியும். என்ன வாசன வருதுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

நான் அப்போது சொன்னதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "என்னைய ஏன் இதுல இழுக்குறீங்க அத்தான்? எங்கப்பா கதை தெரிஞ்சும் கேக்குறீங்களே" என்றேன். கோபமாகக்கூட இல்லை. வகுப்பில் ஒரு பையனைக் கண்டிக்கிற குரலில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போய், "இல்லம்மா, தப்புத்தான்" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். டப்பாவைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றினாள். நுரை பொங்கி மேசையில் வழிந்தது.

"ஏய், நீ எதுக்கு..." என்று அத்தான் எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள். மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "மொதல்ல நார்த்தங்கா தோலுங்க. நகத்தால கீறுனா வருமே, அது. பெறகு தேனு மாதிரி வருது. கடைசியில மாங்காக் காம்ப ஒடிச்சா வடியுற பாலு. கசப்பு இருக்கு. ஆனா நல்ல கசப்பு."

அத்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ஆமாங்க, தேனுதான்."

அவர் டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்தார். கண் கலங்கியிருந்தது. "நல்லாக் காய்ச்சியிருக்காய்ங்க" என்றார்.

வாசனை திரும்பவில்லை. அடுத்த வருடம் அவருடைய வலது கைவிரல்கள் ஆட ஆரம்பித்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நடை சின்னச் சின்ன எட்டாகச் சுருங்கியது. திருச்சியில் நரம்பு டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இதுக்கு முன்னாடி மூக்குல வாசனை தெரியாமப் போச்சா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடுக்குவாதம் சிலருக்கு அப்படித்தான் ஆரம்பிக்குமாம். கை கால் ஆடுவதற்குப் பல வருடம் முன்பே வாசனை போய்விடுமாம். காய்ச்சல் மேல் நாங்கள் போட்ட பழி வீண்பழியாகவும் இருக்கலாம். திரும்பும் பஸ்ஸில் அக்கா அவருடைய ஆடுகிற கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். குடுமியான்மலைக் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறேன் என்றாள். நேர்ந்துகொண்டாள், போயும் வந்தாள்.

பேச்சு குழறிப் போவதற்கு முன் ஒருநாள், அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே அந்த டப்பாவைப் பற்றி ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ஒங்கக்கா சொன்னா பாருங்க, தேனுன்னு. அது பழைய சரக்கோட வாசன டீச்சர். நான் போன்ல சொன்னது. டப்பாவுல வந்த சரக்குக்குப் பூவையே மாத்திட்டாய்ங்க, மேலயே எழுதியிருந்துச்சு. அதுல தேனு வராது."

நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன். "அப்ப அக்கா பொய் சொன்னான்னு தெரியுமா அத்தான்?"

"பொய்யில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் சொன்னத எல்லாம் அவ கேக்கவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த விடாம வச்சிருந்தாளே." பிறகு, "அவகிட்டச் சொல்லிறாதீங்க" என்றார்.

நானும், அன்றைக்கு மாட்டேன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் கஞ்சிக்கு வாயைத் திறந்துவிட்டார். அதன் பிறகு தோதான நேரம் வரவே இல்லை.

போன ஐப்பசியில் அத்தான் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்தன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. பந்தலுக்குப் பின்னால், நனையாத மூலையில் நானும் அக்காவும் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் நிமிராமலே பேசினாள்.

"ஏடி, அன்னைக்கு அந்தச் சனியனக் குடிச்சேன்ல. எனக்கு ஒரு வாசனையும் தெரியல. வாய்கிட்டக் கொண்டுபோனதும் அப்பா வேட்டி வாசனதான் வந்துச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம, அவரு போன்ல சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டேன்."

நான் அடுத்த தண்டை எடுத்து நறுக்கினேன்.

"அவரு மூக்கு நல்லாருந்தா என்னைய அங்கயே புடிச்சிருப்பாரு" என்று லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லவேளை, நம்பிட்டாரு. இல்லடி?"

"ஆமாக்கா. நம்பிட்டாரு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குள் பந்தலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்று சொல்லி, மடியில் கிடந்த தண்டு நாரைத் தட்டிவிட்டு, முதல் பந்திக்கு இலை போட எழுந்து போனாள்.